காந்தக் குளிரூட்டல், தானாறும் ஜெல்: 'ஆறு' என்ற வினையை எதற்குக் கொடுப்பது?

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம், ஸலாம்.

பிள்ளைகளுக்கான தமிழ் அறிவியல் சொற்பட்டியல் பற்றி இந்த இழையில் வந்த மடல்களை ஒன்றாக வைத்துப் படித்தேன். காந்தத்தால் குளிர்விக்கும் பொருளுக்குக் கல்முனை சேர் "காந்த ஆற்றி" என்கிறார். வெட்டினாலும் தானே சேர்ந்துகொள்ளும் ஜெல்லுக்குச் சம்மாந்துறைத் தங்கச்சி "தானாற்றி" என்கிறார். தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்ல சொற்கள்தான். ஒரே சொற்பட்டியலில் அடுத்தடுத்து வந்தால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள். தேத்தண்ணியும் ஆறும், புண்ணும் ஆறும். தமிழில் இரண்டுக்கும் ஒரே வினை. அதை ஒரு பக்கத்துக்குத்தான் கொடுக்க முடியும். ஜெல்லுக்கே கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

காந்தப் பக்கத்தை முதலில் பார்ப்போம். "ஆற்றி" வந்தால் பின்னாலேயே "ஆற்றல்" வந்துவிடும். நாம் சக்தி என்று படிப்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஆற்றல் என்கின்றன. "காந்த ஆற்றல்" என்று எழுதினால் அங்கே ஒரு பொருள், இங்கே ஒரு பொருள். இதைவிடப் பெரிய காரணம் பௌதிகத்திலேயே இருக்கிறது.

கடோலினியம் என்ற உலோகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் காந்தப்புலத்துக்குள் கொண்டுபோனால் அணுக்களின் காந்தத் திருப்பங்கள் (ஒவ்வோர் அணுவும் ஒரு சிறு காந்தம் போல) ஒரு திசையில் வரிசைப்படுகின்றன. காந்த ஒழுங்கீனம் குறைகிறது. மாற்றம் சேறலில்லாமல், அதாவது வெப்பம் உள்ளே வராமலும் வெளியே போகாமலும் நடந்தால், மொத்த எந்திரப்பி (ஒழுங்கீனத்தின் அளவு) குறைய வழியில்லை; காந்தப் பக்கத்தில் குறைந்தது அணுக்களின் அதிர்வில் ஏறும், உலோகம் சூடாகும். அந்தச் சூட்டைத் தண்ணீரை ஓடவிட்டு எடுத்துவிட்டு, பிறகு புலத்தை விலக்கினால், தொடங்கிய வெப்பநிலைக்கும் கீழே இறங்கும். காந்தப்புலத்தின் அலகான தெஸ்லா ஒன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 பாகை வரை இந்த மாற்றம் கிடைக்கிறது. ஆக, சூடாவதும் அதே விளைவு, குளிர்வதும் அதே விளைவு. அத்தோடு இரும்பும் ரோடியமும் சேர்ந்த கலப்புலோகம் தலைகீழாக நடக்கிறது: புலத்தைப் போட்டால் அது குளிரும். "ஆற்றி", "குளிர்த்தி" என்று ஒரு பக்கத்தை மட்டும் பெயரில் கட்டிவைத்தால் நாளைக்கு இந்தக் கலப்புலோகத்தை எப்படி விளக்குவது?

அதனால் விளைவுக்கு "காந்தவெப்ப விளைவு" என்று வைப்போம். பொருளுக்குக் காந்தவெப்பப் பொருள். இதைக் கொண்டு செய்யும் தொழினுட்பத்துக்கு மட்டும் "காந்தக் குளிரூட்டல்". குளிரூட்டல் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த சொல், கடைப் பலகையிலும் இருக்கிறது.

இதை "வெப்பகாந்த" என்பதோடு குழப்பிக்கொள்வார்களே என்று காத்தான்குடிக் காக்கா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் நம்மிடம் வழக்கு ஒன்று இருக்கிறது. ஒளிமின் விளைவில் ஒளி காரணம், மின் பலன். வெப்பமின் விளைவில் வெப்பம் காரணம். காரணம் முன்னே, பலன் பின்னே. அந்த வரிசையில் காந்தவெப்பம் தானாகவே சரியாக விழுகிறது. உயர்தரத்தில் ஒளிமின் விளைவு படித்த பிள்ளைக்கு இதைத் தனியாக விளக்கவும் தேவையில்லை.

கல்முனை சேர் கேட்ட வரலாறு சுருக்கமாக: 1917இல் வைஸ், பிக்கார் இருவரும் நிக்கலில் இந்த விளைவைக் கண்டார்கள். 1920களில் டிபையும் ஜியோக்கும் இதைக் கொண்டு மிகத் தாழ்ந்த வெப்பநிலைக்கு இறங்கலாம் என்றார்கள். 1933இல் ஜியோக் குழு கடோலினியச் சல்பேற்றைக் கொண்டு 0.25 கெல்வினுக்கு இறங்கியது. 1949இல் அவருக்கு இரசாயன நொபெல். அறை வெப்பநிலைக்கு இது வந்தது 1976இல் பிரவுன் செய்த கடோலினியக் கருவியோடு. 1997இல் பெச்சார்ஸ்கியும் கிஷ்னைடனரும் கடோலினியம், சிலிக்கன், ஜேர்மேனியம் சேர்ந்த கலவையில் இன்னும் பெரிய விளைவைக் காட்டினார்கள்.

பட்டியலில் ஒரு குறிப்பாவது சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். கடோலினியத்தின் கியூரி வெப்பநிலை (அதற்கு மேலே போனால் இரும்பு போன்ற காந்தத்தன்மை இல்லாமல் போகும்) ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ், விளைவு உச்சத்தில் இருப்பதும் அங்கேதான். மட்டக்களப்பில் மாரி இரவில்கூட அவ்வளவு குளிர் வருவது அரிது. நம் பக்கத்து வெக்கைக்கு வேறு பொருள் வேண்டும். லந்தனம், இரும்பு, சிலிக்கன் கலப்புலோகத்தில் ஐதரசன் ஏற்றினால் கியூரி வெப்பநிலை மேலே போகிறது, அதன் மூலம் தேவையான இடத்தில் பொருத்தலாம். ஒலுவில், வாழைச்சேனை மீனுக்கு ஐஸ் எவ்வளவு முக்கியம் என்று தெரிந்த பிள்ளைகளுக்கு இந்தக் குறிப்பு உறைக்கும்.

இனி ஜெல். இங்கே நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருக்கிறேன். "தானாற்றி" என்பதில் இலக்கணச் சிக்கல் இருக்கிறது. ஆற்று என்பது பிறவினை. ஆற்றி என்றால் இன்னொன்றின் புண்ணை ஆற்றுவது, பூசுமருந்து போல. இந்த ஜெல் தன் காயத்தைத் தானே ஆறவிடுகிறது. ஆகவே தன்வினை வேண்டும்: "தானாறும் ஜெல்". நிகழ்வுக்குத் "தானாறல்". வினையடியை மொட்டையாக நறுக்கித் "தானாறு" என்று மட்டும் எழுத வேண்டாம், வாசிப்பவர் கண்ணில் நதியும் எண்ணும் வந்து நிற்கும்.

நம் பேச்சில் "புண் மாறிட்டுது", "காய்ச்சல் மாறிட்டுது" என்றுதான் சொல்வோம், ஏன் "தன்மாறும்" என்று வைக்கக்கூடாது என்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்கும் அந்த வழக்கு பிடிக்கும். எழுத்தில் வந்தால் தன் இயல்பை மாற்றும் ஜெல் என்றுதான் படிப்பார்கள், அதுவும் வெப்பம், காந்தம் போன்ற தூண்டலுக்கு மாறும் ஜெல் பட்டியலில் பக்கத்திலேயே இருக்கும்போது. "தானிணையும்" என்பதும் போதாது. ஒட்டுவது வேறு, ஆறுவது வேறு. பொலிவைனைல் அற்ககோல் கரைசலில் வெண்காரம் சேர்த்துச் செய்யும் ஜெல்லை எந்தப் பாடசாலை ஆய்வுகூடத்திலும் செய்து பார்க்கலாம். வெட்டி இரண்டு துண்டையும் சேர்த்து வைத்தால், போரேற்றுப் பிணைப்புகள் விடுபட்டும் மறுபடி கட்டியும் கொண்டிருப்பதால், வெட்டு மறைந்துவிடும். கேட்க வேண்டிய கேள்வி, பழைய வலிமை எவ்வளவு திரும்பியது என்பதே. அந்த விகிதத்துக்கு "ஆறல் வினைத்திறன்" என்று வைத்தால் ஒரு வினையடியிலிருந்து முழுக் குடும்பமும் கிடைக்கிறது.

ஜெல்லை ஏன் "களி" ஆக்கவில்லை என்பதற்கு அம்பாறை வயற்காரரைக் கேட்டால் போதும்: இங்கே களி என்றால் மண். "இழுது" அழகான பழஞ்சொல், இழுதுமீன் என்று சொறிமீனையும் சொல்கிறார்கள். ஆனாலும் ஜெல் எல்லோர் வாயிலும் இருக்கிறது, இப்போதைக்கு அப்படியே விடலாம்.

மிச்சம் தூண்டலுக்கு ஏற்ப நடக்கும் ஜெல். நம் உயிரியல் நூல்களில் தூண்டல், தூண்டற்பேறு. தமிழ்நாட்டில் தூண்டல், துலங்கல். "தூண்டற்பேற்று ஜெல்" வாயில் நுழையாது. "தூண்டலுணர் ஜெல்" உணர்வதை மட்டும் சொல்கிறது, நடப்பதைச் சொல்லவில்லை. பொலி ஐசோபுரொப்பைலக்கிரிலமைட்டு ஜெல் ஏறத்தாழ 32 பாகையில் தண்ணீரை வெளியே விட்டுச் சுருங்குகிறது. நம் மே மாத மதியத்தில் மேசையில் வைத்தாலே சுருங்கிவிடும், அடுப்புத் தேவையில்லை. அந்தச் செயல் பெயரில் வர வேண்டும். "தூண்டலுக்கு இசையும் ஜெல்" என்று எழுதிப் பார்க்கிறேன், வெப்பத்துக்கு இசைவது, காந்தத்துக்கு இசைவது என்று பிரிக்கவும் வசதி.

1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் காரைதீவில் பிறந்தவர். இந்த வேலை நம் மண்ணுக்குப் புதிதல்ல. வந்தாறுமூலைக்கோ சம்மாந்துறைக்கோ பல்கலைக்கழகம் போய் ஆங்கிலத்தில் படிக்கப்போகும் பிள்ளை, பொருளை முதலில் தமிழில் பிடித்துக்கொண்டு போகட்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

காந்தவெப்ப விளைவும் தானாறலும் எனக்கு உறுதி. "இசையும்" என்பதில் உயிரியல் படிப்பிக்கிற மிஸ்மார் கருத்துச் சொன்ன பிறகு முடிவெடுப்போம். தொட்டாற்சுருங்கிப் பாடத்தில் இதே சொல்லை வைத்தால் பிள்ளைகளுக்கு விளங்குமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.