யாழ்ப்பாணத்தில் சின்னப் புத்தகக்கடை: இலக்கிய இறாக்கையைக் கழட்டலாமா?

மூலைக்கடை:
யாழ் நகரில் 300 சதுர அடிக் கடை. கொப்பி, பேனை, போட்டோக்கொப்பி ஓடுது. பாஸ்ற்பேப்பர் புத்தகம் படுத்திட்டுது. வட்ஸ்அப் குழுவிலை பிடிஎஃப் வர, பிள்ளையள் தேவையான நாலு பக்கத்தை மட்டும் பிரின்ற் எடுக்க வருகினம். நாவல், கவிதை, ஆய்வு நூல் என்று ஒரு சுவர் முழுக்க நிக்குது. அதைக் கழட்டிப்போட்டு ஸ்கூல் பாக், தண்ணிப்போத்தில் போடுறது புத்தியோ? உள்ளூர்ப் புத்தகங்களை மின்னூலாக்கி விக்கேலுமோ?

கணக்குக்கொப்பி:
கழட்ட முதல், அந்தச் சுவரில் நிக்கிறது ஆரின்ரை காசு என்று பாருங்கோ. வெளியீட்டு விழா முடிந்த கையோடை எழுத்தாளர் 10, 20 பிரதி தந்துவிட்டுப் போனது ஒன்று. வித்தால்தான் காசு குடுக்கவேணும். சென்னையிலிருந்து காசு கட்டி இறக்கினது மற்றது. கடையைத் தின்னுறது இந்த இரண்டாவதுதான், கைபேசி இல்லை.

300 பக்கப் புத்தகம் ஏறக்குறைய 350 கிராம், கிலோவுக்கு மூன்றுகூட முழுசாய் வராது. கழிவு போன இந்திய விலை, அன்றைய நாணய மாற்று, எடைக்கூலி மூன்றையும் எல்லாரும் போடுவினம். நூற்றுக்குக் குறைஞ்சது ஐந்து சேதாரம் என்று போட மறந்துவிடுவினம். மூலை மடங்கினதைத் திருப்பி அனுப்பேலாது, முழுவிலைக்கும் போகாது. வாங்க வாறவர் கடைக்குள்ளை நின்றுகொண்டே இந்திய விலையைத் தேடிப் பெருக்கிப் பார்ப்பார், அதையும் யோசியுங்கோ. தலைப்புக்கு 2 பிரதி போதும். மிச்சம் கேட்டவருக்கு மட்டும், பாதி முற்பணத்தோடை.

ஒவ்வொரு புத்தகத்தின்ரை கடைசிப் பக்க உள்மூலையிலும் வந்த மாதத்தைப் பென்சிலால் எழுதுங்கோ. ஒரு வருசம் தாண்டினது கண்மட்டத் தட்டில் நிக்கக்கூடாது. உள்ளூர்ப் புத்தகத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருக்கால் கணக்கு. 1,000 ரூபாய்ப் புத்தகம், 30 வீதக் கழிவு என்றால், வித்த அன்றே 700 தனி உறைக்குள் போகவேணும். பிழை விடுறது இங்கைதான். அந்த 700 கொப்பிக்கட்டு எடுக்கப் போயிடும். எழுத்தாளர் முன்வாசலால் வர, முதலாளி பின்வாசலால் தேத்தண்ணி குடிக்கப் போவார். அடுத்த நூல் உங்கடை கடைக்கு வராது. 300 பிரதி மட்டும் அடிச்ச புத்தகம் வேறெங்கையும் கிடையாது. உங்களிட்டை ஆள் வாறதே அதுக்குத்தான்.

அச்சுக்கோப்பு:
மின்னூல் பற்றி. நூலாசிரியரிடம் எழுத்தில் அனுமதி முதலில். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமை, ஆயுளும் அதன்பின் 70 வருடமும். அவர் போய்விட்டால் வாரிசுகளிடம் போகவேண்டும்.

பிறகு அச்சகத்திலிருந்து கோப்பைக் கேளுங்கள். இங்கே கனக்கப் புத்தகங்கள் பாமினியில் தட்டியவை. பாமினி வெறும் எழுத்துருதான், உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. அப்படியே மின்னூலாக்கினால் வாசகரின் கைபேசியில் வெறும் ஆங்கிலக் குப்பை தெரியும். யுனிகோட் மாற்றியில், அதாவது அதை உண்மைத் தமிழ் எழுத்தாக்கும் மென்பொருளில், போட்டபிறகும் வேலை முடியாது. தட்டச்சாளர் பலர் ‘ர்’ வரவேண்டிய இடத்தில் அரவுக்கு (‘ா’) புள்ளி வைத்திருப்பார்கள், பார்வைக்கு இரண்டும் ஒன்று. மாற்றியபின் ‘அவர்’ என்பது ‘அவா்’ ஆகிவிடும். திரையில் கண்டுபிடிக்கமுடியாது, தேடலில் மட்டும் அகப்படாது. ‘ா்’ என்று தேடி எல்லாவற்றையும் ‘ர்’ ஆக்குங்கள். அரவுக்குமேல் புள்ளி தமிழில் எங்கும் வராததால் பயமில்லாமல் ஒரேயடியாக மாற்றலாம். அடிக்குறிப்பு இலக்கங்களையும் ஆங்கிலச் சொற்களையும் அந்த மென்பொருள் குழப்பிவைக்கும், அவற்றைக் கையால்தான் திருத்தவேண்டும்.

கோப்பு இல்லையென்றால் ஸ்கான்: 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), பழைய ஈய எழுத்து அச்சுக்கு 600. உள்தையலோரம் நிழல் விழுந்தால் அந்தப் பக்கத்தை மறுபடி எடுங்கள்.

உண்மையைச் சொன்னால் இதில் கடைக்குப் பெரிய காசில்லை. மாற்றித் தரும் கூலிதான் வருமானம்.

இராமபாணம்:
அண்ணை, சுவரோடை ஒட்டி அடிச்ச இறாக்கை என்றால் எப்பிடியும் ஒருக்கால் கழட்டத்தான் வேணும். சுவரிலிருந்து 3 அங்குலம், நிலத்திலிருந்து 6 அங்குலம் விட்டுத் திருப்பிப் பூட்டுங்கோ. ஐப்பசி, கார்த்திகை மாரியில் ஈரம் சுவரால்தான் ஏறும், கறையானும் அதே வழி. புத்தகத்தை இறுக்கி அடுக்கவேண்டாம், விரல் போற இடைவெளி வேணும். வேப்பிலை வைக்கிறதென்றால் நொறுங்கக் காய்ந்தது. பச்சையாய் வைச்சால் பூஞ்சணம் பிடிச்சுப்போடும்.

மூலைக்கடை:
நன்றி. அடித்தட்டில் எழுபதுகளில் வந்த சிறு நூல்கள், கோயில் மலர்கள் இரண்டு பெட்டி கிடக்கு. நிறுத்துப் பழைய பேப்பருக்குப் போடவோ?

அச்சுக்கோப்பு:
வேண்டாம்! 1981 இல் பொது நூலகத்தோடு 97,000 அளவில் நூல்கள் எரிந்த ஊர் இது. 2005 இலிருந்து இலங்கைத் தமிழ் நூல்களை மின்வடிவில் சேர்த்துவரும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் ஒவ்வொரு தலைப்பாகத் தேடுங்கள். அங்கே இல்லாததைத் தனியே எடுத்துவைத்து அவர்களுக்கு எழுதுங்கள். நூல்களின் நடுவில் அடித்த துருப்பிடித்த கம்பியைக் கழட்டும்போது இழுக்கவேண்டாம், கம்பியின் மடிந்த கால்களை நிமிர்த்திவிட்டுத் தூக்குங்கள். இழுத்தால் நடுப்பக்கம் கிழியும்.