பக்கத்து அங்கன்வாடியா, ப்ரைவேட் எல்கேஜியா? ஆராய்ச்சி என்னதான் சொல்லுது?

வேலூர்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணுக்கு அடுத்த மாசத்தோட மூணே முக்கால் வயசு. வீட்டுல இருந்து நாலு வீடு தள்ளி அங்கன்வாடி. டீச்சர் தங்கமானவங்கதான், ஆனா நான் எப்போ எட்டிப்பார்த்தாலும் ஒண்ணு பிள்ளைங்களுக்கு எடை போட்டுட்டு இருப்பாங்க, இல்லன்னா போன்ல ஏதோ ஏத்திட்டு இருப்பாங்க, பாக்கி பிள்ளைங்க சுவத்தோரமா உக்காந்து சாப்பாட்டுக்கு காத்துட்டு இருக்கும். மாமியார் "வேன் வர்ற ஸ்கூல்ல போடு, அங்க மூணு வயசுலயே ஏபிசிடி எழுத வைக்கிறாங்க"ன்னு தினம் ஒரு பாட்டு. வீட்டுக்காரர் ரெண்டு பக்கமும் தலையாட்டுறார். இந்த வயசுல எது நல்லதுன்னு யாராவது ஒழுங்கா சோதிச்சுப் பார்த்திருக்காங்களா? வாட்ஸ்அப் ஃபார்வர்ட் வேணாம் ப்ளீஸ்.

கணக்குப்பிள்ளை:
இருக்கு சிஸ்டர், அதுவும் நம்ம ஊர்லயே. கார்த்திக் முரளிதரன், அலெஹான்ட்ரோ கானிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ்னு மூணு பொருளாதார ஆளுங்க தமிழ்நாட்டுல 4 மாவட்டத்துல 320 அங்கன்வாடிய எடுத்துக்கிட்டாங்க. குலுக்கல் மாதிரி போட்டு அதுல கொஞ்சத்துக்கு மட்டும் கூட ஒரு ஆள், அதுவும் அரை நாளைக்கு, பிள்ளைங்களுக்கு சொல்லிக்கொடுக்க மட்டும்னு வச்சாங்க. மத்த சென்டர் எப்பவும் போல. புது பில்டிங் இல்ல, ஸ்மார்ட் டிவி இல்ல, ஒரு ஆள், அவ்ளோதான்.

18 மாசம் கழிச்சுப் பார்த்தா பாடம் நடக்குற நேரம் ரெண்டு மடங்கு ஆயிருக்கு. சென்டர்ல தொடர்ந்து இருந்த பிள்ளைங்களுக்கு கணக்குல 0.29, மொழியில 0.46 ஸ்டாண்டர்ட் டீவியேஷன் கூடியிருக்கு. இந்த கணக்கு புரியலன்னா இப்படி யோசிங்க, 100 பிள்ளைங்கள மார்க் படி வரிசையா நிக்க வச்சா நட்ட நடுவுல 50வதா நிக்கிற பிள்ளை மொழியில ஏறக்குறைய 32வது இடத்துக்கு முன்னாடி வந்துடும். இன்னொரு விஷயம், பழைய டீச்சருக்கு கை கொஞ்சம் ஃப்ரீ ஆனதால அவங்க சத்துணவு, ஹெல்த் பக்கம் நேரம் கொடுத்தாங்க, கடுமையான ஊட்டச்சத்து குறைபாடும் வயசுக்கேத்த உயரம் இல்லாத பிள்ளைங்களும் அந்த சென்டர்ங்கள்ல குறைஞ்சது. பாடத்துக்குன்னு ஆள் போட்டதுக்கு பிள்ளை வளர்ந்துருக்கு பாருங்க!

அதனால நீங்க பார்த்தது டீச்சரோட சோம்பேறித்தனம் இல்ல. ஒரே ஆள் எத்தனை வேலைதான் பார்ப்பாங்க.

டீச்சரம்மா_மக:
எங்கம்மா அங்கன்வாடியில இருபது வருஷத்துக்கு மேல. மேல உள்ளத அப்படியே வாசிச்சுக் காட்டுனேன், "இதுக்கு ஆராய்ச்சி வேறயா, என்கிட்ட கேட்டிருந்தா ஒரு டீக்கு சொல்லியிருப்பேனே"ன்னு சிரிக்கிறாங்க 😄 கர்ப்பிணி கணக்கு, சத்துமாவு கணக்கு, எடை, உயரம், தடுப்பூசி நாள், வீடு பார்க்கப் போறது, இதுல நடுநடுவுல ஆப்ல ஏத்துறது, நெட் இல்லன்னா மொட்டை மாடிக்கு ஓடுறது... ஆயாம்மா சமையல் பக்கம் போயிட்டா பிள்ளைங்கள பார்க்க ஆள் கிடையாது. பாட்டும் கதையும் சொல்ல அம்மாவுக்கு ஆசைதான், பாதி கதையில யாராவது ஒரு லிஸ்ட் கேட்டு போன் பண்ணுவாங்க.

சந்தேகப்பேர்வழி:
கணக்கு ப்ரோ நல்லா சொன்னீங்க, ஆனா சின்ன கொக்கி ஒண்ணு. அந்த 0.46 சென்டர்ல இருந்த பிள்ளைங்களுக்கு. ஊர்ல வீடு வீடா போய் எடுத்த சோதனையில லாபம் அதவிட கம்மி, ஏன்னா எல்லா பிள்ளையும் அங்கன்வாடிக்கு வர்றதில்லயே.

அப்புறம் ஆராய்ச்சின்னா எல்லாமே இனிப்பு சேதி கிடையாது. டெல்லியில 214 பால்வாடில கணக்கு விளையாட்டு சொல்லிக்கொடுத்தாங்க, 2017ல சயின்ஸ் பத்திரிகையில வந்துச்சு. எது அதிகம் எது கம்மின்னு கண்ணால பார்த்து சொல்ற திறமை ஒரு வருஷத்துக்கு மேலயும் நின்னுச்சு, ஆனா ஒண்ணாங்கிளாஸ் கணக்குக்கு அது கைகொடுக்கல. விளையாட்டு நல்லதுதான், எந்த விளையாட்டுன்றதுலதான் விஷயமே இருக்கு.

வேலூர் மேடம் வீட்டு கதைக்கு பொருத்தமானது கானாவுல நடந்தது. தலைநகர் அக்ராவ சுத்தி 240 பள்ளிக்கூடத்து கிண்டர்கார்டன், கவர்மென்ட்டும் உண்டு ப்ரைவேட்டும் உண்டு. டீச்சருக்கு மட்டும் விளையாட்டா சொல்லிக்கொடுக்க ட்ரெய்னிங் கொடுத்த இடத்துல பிள்ளைங்க முன்னேறினாங்க. அதே ட்ரெய்னிங்கோட பெத்தவங்களுக்கும் கூட்டம் போட்டு வீடியோ காட்டின இடத்துல அந்த முன்னேற்றம் இல்லாம போச்சு! கூட்டினா கூடணும், இங்க கழிஞ்சிருக்கு. என் யூகம் என்னன்னா, விளையாட வைக்கிறாங்கன்னு தெரிஞ்சதும் "ஃபீஸ் கட்டினது இதுக்கா"ன்னு வீட்டுல கொதிச்சிருப்பாங்க. உங்க மாமியார் உலகம் பூரா இருக்காங்க மேடம்.

வேலூர்_அம்மா:
ஐயோ கடைசி வரிய வீட்டுக்காரருக்கு அனுப்பிட்டேன் 😂 சரி அப்போ எழுத வைக்கிற ஸ்கூல் வேணாமா?

கணக்குப்பிள்ளை:
வேன் கலரையும் நோட்டுல எத்தனை பக்கம்னும் பார்க்காதீங்க சிஸ்டர், ஒரு நாள்ல எத்தனை நிமிஷம் ஒரு பெரியவங்க உங்க பொண்ணு முகத்த பார்த்து பேசுறாங்கன்னு பாருங்க. அறுபது பிள்ளைய ஒரு ரூம்ல அடைச்சு கோடு போட வைக்கிற எல்கேஜியும் உண்டு. வீட்டையும் விட்டுடாதீங்க, ஜமைக்காவுல 1986, 87ல கிங்ஸ்டன் ஏழை வீடுகள்ல வளர்ச்சி குன்றின 129 கைக்குழந்தைங்கள எடுத்து, கொஞ்சம் பேர் வீட்டுக்கு மட்டும் வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் போய் தாய்க்கு பிள்ளையோட எப்படி விளையாடணும் பேசணும்னு காட்டுனாங்க, ரெண்டு வருஷம். பொம்மை எல்லாம் வீட்டுல கெடக்குற சாமான வச்சு செஞ்சதுதான். இருபது வருஷம் கழிச்சு தேடிப்போய் பார்த்தா அந்த பிள்ளைங்க சம்பளம் மத்தவங்கள விட 25 சதவீதம் கூட. ஆனா அது ரொம்ப கஷ்டத்துல இருந்த பிள்ளைங்க, அதே நம்பர் உங்க வீட்டுக்கு வரும்னு எடுத்துக்காதீங்க.

டீச்சரம்மா_மக:
அக்கா, அம்மா ஒண்ணு சொல்ல சொன்னாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி அரை மணி நேரம் யாராவது ஒரு தாய் வந்து உக்காந்து கதை சொன்னாலே பெரிய ஒத்தாசையாம். உங்க டீச்சர்கிட்ட கேட்டுப் பாருங்களேன்.

வேலூர்_அம்மா:
கேட்டுட்டேன் பா. செவ்வாயும் வியாழனும் வர சொல்லியிருக்காங்க. காக்கா வடை கதையோட போறேன், மாமியார் "நீ போற நேரத்துக்கு வீட்டு வேலைய யாரு பார்ப்பா"ன்னு புது பாட்டு ஆரம்பிச்சாச்சு. ஜூன் வரைக்கும் பொண்ணு அங்கதான்.