எங்க குன்றுக் கல்திட்டைகளைப் பதிவு பண்ண உதவி வேணும்

தோழர்களே, வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் எங்க ஊர்க் குன்றைக் கிரானைட் குவாரிக்குக் கேட்டிருக்காங்க. மேலே, பழங்காலத்துல இறந்தவங்களுக்காகப் பலகைக் கல்லை நிறுத்தி மூடின கல்திட்டைகளும், கல்லை வட்டமா வெச்ச கல்வட்டங்களும் இருக்கு. பாண்டவர் வீடுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. ஒரு திட்டையோட பலகைக் கல்லில் குடைஞ்ச இடுதுளைங்கிற ஓட்டை இன்னமும் உடையாம முழு வட்டமா நிக்குது. கலெக்டர்கிட்ட மனு கொடுக்க இளைஞர்கள் சேர்ந்திருக்கோம்.

சிக்கல் எங்களுக்குள்ளேதான். கண்ணுல படுற கற்குவியல் எல்லாத்தையும் ஈமச்சின்னம்னு எழுதிடலாம்ங்கிறாங்க சிலர். எங்க மாவட்டத்து மயிலாடும்பாறையில கிடைச்ச இரும்புக்கு கி.மு. 2172ன்னு 2022ல அறிவிச்சாங்களே, அதையே இங்கேயும் நோட்டீஸ்ல போடலாம்னு ஒரு பேச்சு. அது அங்கே அகழாய்வுக் குழியில் எடுத்த கரித்துண்டை ஏ.எம்.எஸ்.ங்கிற கரிமக் காலக்கணிப்பு முறையில் சோதிச்சு வந்த காலம். தோண்டவே தோண்டாத எங்க குன்றுக்கு அதை எப்படி ஒட்ட முடியும்?

குன்று போயிடுமோன்னு எனக்கும் பதறுது. ஆனாலும் சந்தேகமானதைச் சந்தேகம்னே பதியணும். ஒரு பொய் சிக்கினாலும் மொத்த மனுவையும் தள்ளிடுவாங்க.

அளவுகோலும் வடக்குக் குறியும் வெச்சு போட்டோ எடுக்க, ஜி.பி.எஸ். புள்ளி குறிக்க, தானா உருண்டு கிடக்கிற பாறையையும் கல்வட்டத்தையும் பிரிச்சுச் சொல்லத் தெரிஞ்சவங்க ஒரு ஞாயித்துக்கிழமை வர முடியுமா? பானை ஓட்டைப் பொறுக்காதீங்கன்னு பசங்ககிட்ட சொல்லிட்டேன். கிடந்த இடத்தை விட்டு எடுத்தா பாதி சாட்சி போயிடும். புலப்படம் (நில எல்லை வரைபடம்), அ-பதிவேடு (வருவாய்த்துறையோட நிலப் பதிவேடு) வாங்கிப் பழக்கமுள்ளவங்களும் இன்பாக்ஸ்ல சொல்லுங்க. பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி அனுப்பறோம், மதியச் சாப்பாடு எங்க வீட்ல.