பொருள்: ஆலயம் பூட்டியிருக்கையில் வீட்டு ஆராதனையும் வருகிற லெந்தும்

சங்கத்து உறவுகள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

தென்னாப்பிரிக்காவில் கொரோனாவால் 2020 டிசம்பர் கடைசியில் ஆலயங்களுக்கு மறுபடி பூட்டு விழுந்துவிட்டது. அந்த வருஷம் மார்ச்சில் மூடினார்கள், ஜூன் 1-லிருந்து ஐம்பது பேர் வரலாம் என்றார்கள், செப்டம்பரில் உள்ளரங்கத்துக்கு 250 பேர் என்று தளர்த்தினார்கள். இதை எழுதுகிற 2021 ஜனவரியில் சவ அடக்க ஆராதனைக்கு மட்டும் ஐம்பது பேர். பிப்ரவரி 17 சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்தின் முதல் நாள். அதற்குள் கதவு திறந்தாலும் திறக்காவிட்டாலும் வீட்டில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். டர்பன், மிட்ராண்ட் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கெல்லாம் சேர்த்தே இந்த மடல்.

யூடியூபில் ஆராதனையை ஓடவிட்டு, பக்கத்தில் சட்னிக்குத் தேங்காய் துருவினால் அது ஆராதனையில் சேராது. வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும், எழுந்து நிற்க வேண்டும், முழங்கால் படியிட வேண்டும். நம் ஊர்ப் பக்கத்தில் ஒரு சேகரத்துக்கு ஓர் ஐயர் (குருவானவர்), சபைகளோ பல. அவர் வராத ஞாயிறுகளில் குருப்பட்டம் பெறாத சபை ஊழியரான உபதேசியார்தான் நடத்துவார். ஐயர் இல்லாத ஆராதனை நமக்கு என்ன புதிதா? வீட்டில் ஒருவர் உபதேசியாராக வேண்டும், அவ்வளவுதான்.

அரை மணி நேரம் தாண்டக் கூடாது. ஒரு கீர்த்தனை, பாவ அறிக்கை, வேதத்தில் ஒரு சங்கீதம் (வசனத்துக்கு வசனம் மாற்றி மாற்றி), ஒரு பாடம், விசுவாசப் பிரமாணம், மன்றாட்டு, கர்த்தருடைய ஜெபம். பிரசங்கம் வேண்டாம். படித்த பகுதியைப் பற்றி ஆளுக்கு ஒரு வாக்கியம் சொன்னால் போதும், பிள்ளைகளும் சொல்லட்டும். தவறு நடக்கிற இடம் இரண்டு. பாவ மன்னிப்பு வாக்கியத்தைக் குருவானவர் ‘உங்களுக்கு’ என்று சபையைப் பார்த்துச் சொல்வார். நாம் வாசிக்கும்போது ‘எங்களுக்கு’ என்று மாற்றி, ஜெபமாகவே சொல்ல வேண்டும். கடைசி ஆசீர்வாதத்திலும் கையை உயர்த்தாமல், 2 கொரிந்தியர் 13:14-ஐ ‘நம் அனைவரோடும்’ என்று முடித்துக் கொள்ளுங்கள்.

திருவிருந்தை (நற்கருணையை) பற்றித்தான் அதிகம் கேட்டிருந்தீர்கள். திரைக்கு முன்னால் ரொட்டியும் திராட்சைச் சாறும் வைத்துக் கொள்ளலாமா என்பதற்கு உங்கள் பேராயமும் போதகரும்தான் பதில் சொல்ல வேண்டும். மடற்குழுவில் ஓட்டெடுத்து முடிவு செய்கிற காரியம் அல்ல. ஆனால் கிடைக்காததால் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது என்று யாரும் கலங்க வேண்டாம். 1662-ஆம் வருஷத்து ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் நோயாளிகளுக்கான திருவிருந்துப் பகுதியிலேயே இதற்கு ஒரு குறிப்பு உண்டு: நியாயமான தடையால் வாயினால் பெற முடியாதவர், மெய்யாக மனந்திரும்பி, கிறிஸ்துவின் மரணத்தை நன்றியோடு நினைத்து விசுவாசித்தால், ஆத்துமாவுக்குப் பலன் உண்டாகவே அதில் பங்கு பெறுகிறார். திருவிருந்து ஞாயிற்றில் இதை நினைத்து இரண்டு நிமிடம் அமைதியாக இருங்கள்.

இனி பாட்டு. ஜூமில் எல்லாரும் சேர்ந்து பாடினால் சந்தைக்கடைதான். ஒருவர் குரல் இன்னொருவர் காதுக்கு வர ஒரு நொடியில் பத்தில் இரண்டு மூன்று பங்கு தாமதமாகிறது. சேர்ந்து பாடுகிறவர்களுக்கு அதில் ஒரு சின்னத் துண்டு பிசகினாலே தாளம் விட்டுப்போகும். அதனால் ஒரே வீடு பாட வேண்டும், மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு அவரவர் வீட்டில் சத்தமாகச் சேர்ந்து பாட வேண்டும். ‘ஆர்மோனியம் வாசித்தால் பாதியில் ஒலி அமுங்கிப்போகிறது’ என்ற குறைக்கும் காரணம் உண்டு. இழுத்துப் பிடித்த சுரத்தை மின்விசிறி இரைச்சல் என்று நினைத்து ஜூம் வெட்டிவிடுகிறது. பாடுகிற வீட்டில் மட்டும் ஆடியோ அமைப்புக்குள் போய் ‘ஒரிஜினல் சவுண்ட்’ வசதியை இயக்கி, கூட்டம் தொடங்கியதும் அது போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதைப் போட்டால் எதிரொலித் தடுப்பும் குறையும், ஆகவே அந்த வீட்டார் ஹெட்போன் மாட்டிக்கொள்ள வேண்டும். போனை ஆர்மோனியத்தின் மேல் வைக்காதீர்கள். துருத்திச் சத்தம்தான் முதலில் கேட்கும். பாடுகிறவர் வாய்க்கும் போனுக்கும் இரண்டடி இருந்தால் சரியாக வரும்.

வீடியோ ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபியை ஒட்டித் தின்னும். ஒலி மட்டும் என்றால் முப்பது, நாற்பது எம்பியில் முடியும். டேட்டா வாங்கிக் கட்டுப்படியாகாதவர்கள் கேமராவை அணைத்துவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சேர்ந்த ஜெபத்துக்கு இங்கே மாலை 5 மணி எல்லாருக்கும் ஒத்துவரும். இந்தியாவில், நம் ஊரில் இரவு 8.30, மொரீஷியஸிலும் துபாயிலும் 7, ரங்கூனில் 9.30. லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) அட்டவணையை முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். ரவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் வாங்கியும் நெட் போகிறது என்றால், சுவரில் இருக்கிற ஃபைபர் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டும் என்பதை மறந்திருப்பீர்கள். இரண்டின் அடியிலும் எத்தனை வோல்ட் என்று படித்த பிறகே இணையுங்கள். 9 வோல்ட் பெட்டிக்கு 12 கொடுத்தால் பெட்டி போய்விடும்.

ஊரில் பட்டன் போன் வைத்திருக்கிற பெரியவர்களுக்கு இதெல்லாம் எட்டாது. அவர்களுக்குப் பழைய கான்ஃபரன்ஸ் காலே நல்லது. ஒருவர் பொறுப்பில் ஐந்து வீடு, வாரம் ஒரு நாள், ஒரே நேரம், பத்து நிமிடம், ஒரு சங்கீதம், ஒரு ஜெபம். நேரத்தை மாற்றாதீர்கள், அவர்கள் போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் அனுப்புகிறவர்களுக்கு ஒரு சொல்: உங்கள் எண்ணைப் பெறுகிறவர்கள் தங்கள் போனில் சேமித்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும்.

லெந்து வாசிப்பு. ஞாயிறுகள் உயிர்த்தெழுதலின் நாள் என்பதால் அவற்றைக் கழித்தால் சரியாக 40 நாள். சாம்பல் புதனன்று சங்கீதம் 51. மறுநாளிலிருந்து மாற்கு சுவிசேஷம், ஞாயிறு நீங்கலாக நாளுக்கு ஓர் அதிகாரம். மார்ச் 8 திங்களன்று 16-ஆம் அதிகாரம் முடியும். 9-ஆம் தேதி யோவான் தொடங்கினால், பரிசுத்த வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை 17-ஆம் அதிகாரத்தில் வந்து நிற்கும். திங்கள், செவ்வாய், புதனுக்குச் சங்கீதம் 22, 31, 69. பெரிய வியாழனன்று யோவான் 18, பெரிய வெள்ளியன்று 19, சனிக்கிழமை சங்கீதம் 130. யோவான் 20-ஐத் தொடாமல் ஏப்ரல் 4 ஈஸ்டருக்கு வையுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு அதிகாரம் ஓட்ட வேண்டாம். விட்டதை விட்டு அன்றைய பகுதியோடு சேர்ந்துகொள்ளுங்கள். கடன் சேர்த்துத்தான் பாதிப் பேர் இரண்டாம் வாரத்திலேயே நின்றுபோகிறார்கள்.

காணிக்கையில் கவனம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக ஊர்ச் சபைக்கு அனுப்புவது அந்நிய நன்கொடைச் சட்டத்தில் வராது. தென்னாப்பிரிக்கக் குடியுரிமை எடுத்தவர் அனுப்பினால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும், அது அந்நியப் பணம். அதற்கென அனுமதி பெற்ற கணக்கு இல்லாத சபைக்கு அனுப்பினால் சிக்கல் அங்கே இருக்கிற மூப்பர்கள் தலையில் விழும். குடியுரிமை மாறியவர்கள் தங்கள் உதவியை இங்கேயே செய்யலாம், அதற்குத்தான் நம் கைப்பிடி அரிசி இருக்கிறது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி தனி டப்பாவில். பிடி 50 கிராம், நாளுக்கு இரண்டு வேளை என்றால் மாதம் மூன்று கிலோ. நான்கு வீடு சேர்ந்தால் பன்னிரண்டு கிலோ, பக்கத்தில் உணவுப் பொட்டலம் கட்டுகிற இடத்தில் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். பூச்சி விழாமல் இருக்க காய்ந்த மிளகாய் நாலு போட்டு வையுங்கள்.

பெரிய வெள்ளி, ஏப்ரல் 2: ஊரில் 12 முதல் 3 வரை, இங்கே காலை 8.30 முதல் 11.30 வரை. ஜூமின் இலவசக் கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும், ஆகவே கட்டணக் கணக்கு வைத்திருக்கிற ஒருவர் முன்வர வேண்டும். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைக்கு ஏழு வீடு, வார்த்தைக்குப் பத்து நிமிடம், பிறகு ஒரு பாட்டு, மீதி அமைதி ஜெபத்துக்கு. நான்காம் வார்த்தையை எடுக்கிறவர் சங்கீதம் 22-ஐ முழுதும் படித்துவிட்டு வர வேண்டும். நெட் போனால் பயன்படுத்த, அவரவர் பகுதியைக் குரல் பதிவாக புதன்கிழமைக்குள் அனுப்பி வையுங்கள். எந்த வார்த்தை யாருக்கு என்று பிப்ரவரி 10-க்குள் இந்த மடலுக்கே பதில் போடுங்கள். ஐந்தாம் வார்த்தை குறுகியது என்று எல்லாரும் அதையே கேட்க வேண்டாம்.