செரீனில் ஒட்டிக்கொண்ட பென்சிலின்: செல்சுவர் நொதிகளோடு உங்களுக்கு நேர்ந்தது

படிகக்காரன்:
பிபிபி (பென்சிலின் ஒட்டிக்கொள்ளும் பாக்டீரியாச் செல்சுவர் நொதி) என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். சவ்வில் ஊன்றும் சுருளை வெட்டிவிட்டு, வெளியே நீட்டியிருக்கும் பகுதியை மட்டும் படிகமாக்கியிருந்தோம். பென்சிலின் ஜி-யில் ஊறவைத்து, உறையவைத்து, சின்க்ரோட்ரான் எக்ஸ்ரேயில் எடுத்த தரவு 2.4 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கம். ராத்திரி ஆய்வகத்தில் நான் மட்டும்தான். எலக்ட்ரான் அடர்த்தி எங்கே இருக்கிறது என்று காட்டும் மேப்பைத் திறந்து வினை மையத்துக்குப் போனேன். செரீன் என்ற அமினோ அமிலத்தின் ஆக்சிஜனிலிருந்து பச்சையாக ஒரு கொடி கிளம்பியது. இடைவெளியே இல்லை. நான்கு அணு வளையம் உடைந்து, மருந்து நொதியோடு சகப்பிணைப்பில் கோத்துக்கொண்டு நின்றது. பென்சிலின், செல்சுவர்ப் பெப்டைடின் நுனியில் உள்ள டி-அலனைல்-டி-அலனைன் வால் போலவே தோற்றம் காட்டுகிறது என்று 1965-இல் டிப்பர், ஸ்ட்ரோமிங்கர் என்ற ஆய்வாளர்கள் சொன்னதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவன் நான். அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

உறுத்துவது வேறு. அந்தக் கொடி பாதியிலேயே நின்றுவிட்டது. மருந்தின் மறுமுனையான பென்சைல் வளையம் இருக்க வேண்டிய இடத்தில் அடர்த்தியே இல்லை. "அது அங்கேதான் இருக்கும், வை" என்றார்கள். வைத்தேன். ஆறு கார்பனையும் அழகாக அடுக்கினேன். கட்டமைப்பு வெளியாகிவிட்டது. நான்கு வருஷமாக அந்த வளையம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

மூடியகதவு:
நான் படிகம் வளர்த்தவன் இல்லை, கம்ப்யூட்டரில் டாக்கிங் (ஒரு மூலக்கூறு நொதியில் எப்படிப் பொருந்தும் என்று கணிப்பது) செய்தவன். மெதிசிலினுக்கு மசியாத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியான எம்ஆர்எஸ்ஏ-வின் பிபிபி2ஏ நொதி. முதல் வாரத்திலேயே ஒரு மூலக்கூறுக்கு அபாரமான ஸ்கோர் வந்தது, குழுவில் எல்லாரிடமும் காட்டினேன். ஒரு சீனியர் அக்கா திரையைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டாங்க: "நீ எடுத்தது மருந்து ஏறின கட்டமைப்பா, வெறும் நொதியா?"

நான் எடுத்தது ஏறினது. மருந்தின் அணுக்களை மட்டும் நீக்கிவிட்டு, அது ஏற்கெனவே திறந்துவைத்த பள்ளத்தில் என் மூலக்கூறைப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் வெறும் நொதியைத் திறந்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தாங்க. செரீன் 403 அங்கேதான் இருக்கு, ஆனால் பள்ளம் மூடிக் கிடக்கு. 2002-இல் இந்தக் கட்டமைப்பு வந்தபோதே தெரிந்த விஷயம்தான்: மெதிசிலினுக்கு இந்த நொதி மசியாததற்குக் காரணம் செரீன் இல்லாதது அல்ல, மருந்து அதை எட்ட முடியாதது. எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன், இருந்தும் அந்தக் கோப்பை எடுத்தேன். இரண்டு இழைகளும் விலகி நின்ற அந்தத் திரை இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

சவ்வுக்குள்:
படிகக்காரன், உங்கள் அனுபவம் உண்மையிலேயே பெரிது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செல்சுவர் நொதி என்றாலே எல்லாரும் பென்சிலின் உட்காரும் இடத்தைத்தான் பேசுகிறோம். அது குறுக்குப் பிணைப்புப் போடும் வேலை. அதற்கு முன்னால் சர்க்கரைச் சங்கிலியை நீட்டுவது யார்? ஏ வகை பிபிபிகள் என்று சொல்லிக் கதையை முடித்துக்கொண்டிருந்தோம். அந்த வகையில் தன்னிடமுள்ள நான்கையும் நீக்கிய பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியா சாகாமல் சுவர் கட்டிக்கொண்டுதான் இருந்தது! 2016-இல்தான் ராட்ஏ என்ற புரதம் அந்த வேலையைச் செய்கிறது என்று தெளிவானது. பத்து முறை சவ்வை ஊடுருவும் புரதம், பென்சிலினுக்கும், ஏ வகை பிபிபிகளின் சங்கிலி நீட்டலைத் தடுக்கும் மோயெனோமைசினுக்கும் கட்டுப்படாதது.

நான் மாட்டிக்கொண்டது அந்தக் குடும்பத்தில்தான். சவ்விலிருந்து புரதத்தைப் பிரித்தெடுக்க டிடர்ஜென்ட் மாற்றி மாற்றி எட்டு மாதம். ஒருநாள் ஜெல்லில் ஒற்றைப் பட்டை, சுத்தமாக. செறிவூட்ட வடிகட்டிக் குழாயில் போட்டு சென்ட்ரிஃபியூஜில் வைத்தேன். திறந்தபோது அடியில் வெள்ளையாகத் திரிந்துபோய்க் கிடந்தது. கொட்டவும் மனசு வரவில்லை, குழாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். 2018-இல் வேறொரு குழு தெர்மஸ் தெர்மோஃபிலஸ் ராட்ஏ-வின் கட்டமைப்பை வெளியிட்டது. பரிணாமத்தில் சேர்ந்தே மாறும் அமினோ அமில இணைகளை வைத்துக் கணித்த மாதிரியைக் கொண்டுதான் படிகத் தரவுக்கு விடை கண்டிருந்தார்கள். சூடு தாங்கும் பாக்டீரியாவை ஏன் முதலிலேயே எடுக்கவில்லை என்பதை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

நீள்சங்கிலி:
என் கதை சின்னது. காசநோய் பாக்டீரியாவின் மூர்ஏ என்ற செல்சுவர் நொதியை ஃபாஸ்ஃபோமைசின் மருந்து தடுக்குமா என்று இரண்டு மாதம் சோதித்தேன். அசையவே இல்லை. பிறகுதான் பல பாக்டீரியாக்களின் மூர்ஏ அமினோ அமில வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். ஈ.கோலையில் மருந்து பற்றிக்கொள்ளும் சிஸ்டீன் 115. அந்த இடத்தில் மேலிருந்து கீழாக சி, சி, சி (சிஸ்டீனின் குறி) என்று வந்து, என் வரியில் டி. ஆஸ்பார்டேட். மருந்துக்குப் பிடிமானமே இல்லை. அவ்வளவுதான்.

படிகக்காரனுக்குச் சில விஷயம் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும். மருந்தை முழுக்க நீக்கிவிட்டு மறுபடி ரிஃபைன் செய்து (தரவோடு பொருத்தித் திருத்தி) ஆமிட் மேப் போடுங்கள். மாதிரியில் வைத்த அணு தன் அடர்த்தியைத் தானே கொஞ்சம் உண்டாக்கிக்கொள்ளும், அதனால் வைத்தபின் பார்க்கும் மேப்பை நம்பக் கூடாது. மேப்பில் அடர்த்தியைக் காட்டும் மட்டமான காண்டூரை ஒரு சிக்மாவுக்குக் கீழே இறக்கி "இதோ தெரிகிறது" என்று மகிழாதீர்கள், அந்த மட்டத்தில் வெற்று நீரிலும் ஏதாவது தெரியும். வளையத்தின் பி-ஃபேக்டரை (அணு எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும் எண்) சுற்றியுள்ள பக்கச் சங்கிலிகளோடு ஒப்பிடுங்கள், பல மடங்கு ஏறியிருந்தால் அது அங்கே நிலையாக இல்லை. ஆக்கியுபன்சியை (அணு அங்கே இருக்கும் விகிதம்) கூட்டிக் குறைத்து எண்ணைச் சரிசெய்வது தீர்வாகாது. மூடியகதவு, நீங்கள் டாக்கிங்குக்கு முன் நொதியின் செரீன் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். தெரிந்த மருந்தை எடுத்துவிட்டு அதையே மறுபடி டாக் செய்து, வெறும் நொதியிலும் செய்து பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் விழும் வித்தியாசம்தான் உங்கள் ஸ்கோரின் உண்மையான மதிப்பு. இன்னொன்று, மூல டிஃப்ராக்‌ஷன் படங்களை யாரும் அழிக்காதீர்கள்.

மூடியகதவு:
அறிவுரைக்கு நன்றி, ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. வெறும் நொதியில் போட்டால் எந்த பீட்டா-லாக்டமும் (பென்சிலின் வகை மருந்து) உட்காராது. அதே வகையான செஃப்டரோலினும் உட்காராது, ஆனால் அது எம்ஆர்எஸ்ஏ-விடம் வேலை செய்கிறதே! வினை மையத்திலிருந்து 60 ஆங்ஸ்ட்ராம் தள்ளி இன்னொரு இடத்தில் ஒரு மூலக்கூறு போய் அமர்ந்தால், அதன் விளைவாகப் பள்ளம் திறக்கிறது என்று 2013-இல் காட்டினார்கள். அசையாத கட்டமைப்பு ஒன்றை வைத்து முடிவு சொல்லும் சோதனை, அந்த மருந்தைக் குப்பையில் போட்டிருக்கும். என்னை உறுத்துவது இதுதான்.

தட்டு வாசிப்பவள்:
நான் கிளினிக்கல் லேப். இங்கே பேசுவதில் பாதி எனக்கு எட்டாது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தட்டில் செஃபாக்ஸிடின் மருந்து வில்லையைச் சுற்றித் தெளிந்த வட்டத்தை அளப்பது என் வேலை. 22 மில்லிமீட்டரோ மேலேயோ இருந்தால் மருந்து கேட்கும், 21-ம் அதற்குக் கீழும் எம்ஆர்எஸ்ஏ. ஒருநாள் ஸ்கேல் வைத்தால் 21-க்கும் 22-க்கும் நடுவில். மூன்று முறை அளந்தேன். மறுபடி போடச் சொல்லிவிட்டுக் காத்திருந்த அந்த இரவு முழுக்க, வட்டத்தின் ஓரத்தில் வளர்ந்து நின்ற கிருமிகளே நினைவில் இருந்தன. மூடியகதவு அண்ணா சொன்ன அந்த மூடிய பள்ளத்தின் படத்தை இன்றைக்குத்தான் தேடிப் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டருக்குப் பின்னால் இருப்பது இது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

சவ்வுக்குள்:
அக்கா, மறுநாள் எவ்வளவு வந்தது?

தட்டு வாசிப்பவள்:
18. பிபிபி2ஏ-வை உண்டாக்கும் மெக்ஏ மரபணுவும் பாசிட்டிவ்.

படிகக்காரன்:
நீள்சங்கிலி, ஆமிட் மேப் போட்டேன். செரீனிலிருந்து கார்பனைல், ஐந்தணு வளையம் வரை தெளிவு. நான்கு அணு வளையம் உடைந்த பிறகும் இந்த ஐந்தணு வளையம் மருந்தோடு சேர்ந்தே தொங்குகிறது. சுவரின் வாலென்றால் கடைசி டி-அலனைன் கழன்று போய் அடுத்த சங்கிலிக்கு இடம் விட்டிருக்கும், இது விடுவதில்லை. அதுவரை நான் எழுதியதில் தவறில்லை என்று கொஞ்சம் நிம்மதி. பென்சைல் பக்கம் ஒன்றுமில்லை. நேற்று இரவு அந்த ஆறு கார்பனையும் மாதிரியிலிருந்து எடுத்துவிட்டேன். திருத்திய கோப்பைத் தரவு வங்கிக்கு அனுப்பவேண்டும் என்று உடன் எழுதியவர்கள் எல்லாருக்கும் மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். "வை" என்றவர் இன்னும் பதில் எழுதவில்லை.