அடுக்ககத்தில் ஒரே இணைய நிறுவனம்: யாரிடம் முறையிடுவது?

வணக்கம். காட்பாடியில் ஒரு அடுக்ககத்தில் வாடகைக்கு இருக்கிறோம். மாடிப்படி ஓரத்தில் ஒரு கேபிள் பெட்டி. அதன் சாவி ஒரே இணைய நிறுவனத்திடம். வேறு நிறுவனத்திலிருந்து வயர் சுருளோடு வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாலையில் நெட் நின்றால் மகள் செல்போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுகிறாள். பரீட்சை நேரம், பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது.

மின்சாரத்தில் வீடுகளுக்கு ஒரே விநியோகம்தான், அது புரிகிறது. இணையத்தில் அந்தத் தடையே இல்லையே! கட்டடத்துக்குள் எல்லா நிறுவனங்களுக்கும் வழிவிட வேண்டும் என்று டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2017-லேயே பரிந்துரைத்தது. சரி, புகார் செய்யலாம் என்றால் தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை. அப்புறம் இருப்பது, நிறுவனங்கள் போட்டியைத் தடுத்தால் விசாரிக்கும் போட்டி ஆணையம். அங்கே போவதற்கு முன் தொலைத்தொடர்பு விஷயத்தை டிராய்தான் முதலில் பார்க்க வேண்டும் என 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சத்துவாச்சாரி, குடியாத்தம் பக்கம் யாராவது இப்படிப் போராடி இரண்டாவது நிறுவனத்தை உள்ளே கொண்டுவந்திருக்கிறீர்களா? மனு யாருக்கு எழுதினீர்கள்? குடியிருப்போர் சங்கத்துக்குக் கொடுத்த கடிதத்தின் நகல் இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள்.