முட்டைக்கோழித் தீவனத்தில் சுருள்பாசி: எத்தனை சதவீதம் போடலாமுங்க?

பரமத்தி பண்ணை:
வணக்கமுங்க. 500 முட்டைக்கோழி, தீவனம் சொந்த அரவை. மக்காச்சோளம் விலை ஏறும்போது குருணையைக் கூட்டினால் மஞ்சக்கரு வெளுத்துப் போகுது. தார்பாய்த் தொட்டியில் ஸ்பைருலினாங்கிற சுருள்பாசி வளர்த்து சோயா புண்ணாக்கைக் குறைக்கலாம்னு சொல்றாங்க. அது கட்டுபடியாகுமா? தகரக் கூரை மேல காயவைத்த பொடி காக்கி நிறமாகி நாற்றமடிக்குது, ஏன்? வீட்டில் குழந்தைகளும் அதையே சாப்பிடலாமா?

ராசிபுரம் தீவனம்:
சோயாவுக்கு மாற்றாக நினைக்காதீங்க, கணக்குப் போட்டால் தெரியும். 500 கோழி நாளுக்கு 55 கிலோ தின்னும். அதில் சோயா 20 சதவீதம்னா 11 கிலோ, புரதம் சுமார் 5 கிலோ. காய்ந்த பாசியில் புரதம் 60 சதவீதம்னு வைத்தாலும் தினம் 8 கிலோ பொடி வேணும். சதுர மீட்டருக்கு நாளுக்கு 8 கிராம் காய்ந்த பொடி விளைச்சல்னா 25 சென்ட் தொட்டி. ஆகிற காரியமில்லை.

நிறத்துக்குன்னா வேற கணக்கு. 1 சதவீதம் போதும், அதாவது தினம் 550 கிராம். 70 சதுர மீட்டர் தொட்டி, ரெண்டு சென்ட்டுக்குள்ள முடிஞ்சிரும். பொடியை முதல்ல ரெண்டு கிலோ மக்காச்சோள மாவில் கலந்து, பிறகு மொத்தத் தீவனத்தில் சேருங்க. நேரா கொட்டினால் ஒரே இடத்தில் கட்டி நிக்கும். மஞ்சக்கரு உருவாக நாளாகும், அதனால பத்து நாள் கழிச்சுத்தான் நிறம் முழுசா தெரியும். வெறும் நிறம் மட்டும்தான் வேணும்னா செண்டுமல்லிப் பொடி இதைவிட மலிவு, அதையும் யோசிங்க.

கோவை பாசித்தொட்டி:
காக்கி நிறம் வெயில் செய்த வேலைங்க. பாசியின் நீலநிறப் புரதமான பைகோசயனின் சூட்டில் குலையும், மஞ்சள், ஆரஞ்சு நிறமியான கரோட்டினாய்டு வெயிலிலும் காற்றிலும் கெடும். மஞ்சக்கருவில் போய்ச் சேர்வது சியாசாந்தின் முதலான கரோட்டினாய்டுதான். பைகோசயனின் புரதம்ங்கிறதால கோழி குடலிலேயே செரிச்சிரும். அதனால கூரையில் நிறத்தை விட்டால் நீங்க பாசி வளர்த்த நோக்கமே போச்சு.

நாற்றம் தடிமனால் வருது. காலையில் அறுவடை பண்ணி, மெல்லிய நைலான் வலைத்துணியில் வடிகட்டி, நல்ல தண்ணியில் ஒரே அலசு. ஊறவிட்டால் செல் வெடிச்சு நீலம் ஒழுகிரும். அலசாம விட்டால் தொட்டித் தண்ணியின் சோடா உப்பு தீவனத்தில் ஏறி கோழி எச்சம் தண்ணியாகும். நல்லாப் பிழிஞ்சு இடியாப்ப உரலில் இழையா விட்டு, நிழலில் காற்றோட்டமா 40 முதல் 45 டிகிரிக்குள் அன்றே காயணும். ஒடிச்சால் ‘டக்’னு முறியணும், வளைஞ்சால் ஈரம். காற்றுப்புகாத டப்பாவில் இருட்டில் வைங்க.

இன்னொண்ணு, நம்ம பக்கம் போர் தண்ணி கடினம். அதில் இருக்கிற கால்சியம், பாசிக்குப் போடுற பாஸ்பேட் உரத்தைப் பிடிச்சு வெள்ளையா அடியில் உக்காந்திரும், பாசி பசியில் மஞ்சளாகும். முதல்ல சமையல் சோடாவை லிட்டருக்கு 8 கிராம் கலக்கி ரெண்டு நாள் தெளியவிட்டு, தெளிவை மட்டும் எடுத்து பாஸ்பேட் சேருங்க. மழைநீர் கலந்தால் இன்னும் நல்லது. தண்ணியின் காரத்தைக் காட்டும் பிஎச் அளவு 9.5க்குக் குறைஞ்சால் வேற பாசி நுழையும்.

பெருந்துறை உணவியல்:
குழந்தைகளுக்கு அந்தத் தொட்டிப் பாசி வேண்டாமுங்க. யூரியா, உரக்கடை பாஸ்பேட் போட்டு வளர்த்தது தீவனத்தோட நிக்கட்டும். பாசி கன உலோகத்தை உறிஞ்சி வைக்கும். திருப்பூருக்குக் கீழ நொய்யல் ஓரம் சாயக்கழிவு இறங்கின கிணற்றுத் தண்ணி தீவனத்துக்கும் ஆகாது. வேற நீலப்பச்சைப்பாசி கலந்தால் ஈரலைத் தாக்கும் நஞ்சும் வரலாம். நுண்ணோக்கியில் சுருள் இழை தவிர உருண்டையா ஏதாச்சும் தெரிஞ்சால் தொட்டியையே கழுவிருங்க.

பரிசோதித்த உணவுத்தரப் பொடின்னா பெரியவங்களுக்கு நாளுக்கு 3 முதல் 5 கிராம் போதும். கொதிக்கும் குழம்பில் போடாம ஆறின கூழிலோ மோரிலோ கலக்கலாம். யூரிக் அமிலம் கூடுதலா இருக்கிறவங்க, அதனால மூட்டுவலி (கௌட்) வந்தவங்க தவிர்க்கணும். சைவக்காரங்க பி12க்கு இதை நம்பக்கூடாது: இதில் இருப்பதில் பெரும்பகுதி உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம், அதனால் பாலும் மோரும் நிறுத்த வேண்டாம்.